சித்தப்பாவின் பாதி விரல்

அர்வில் கோட்டை,
மிக்கேல் திருநாள் கழிந்த ஐந்தாம் நாள்

ஃபோந்த்ரேல் கன்னியர் மடத்தின் தலைவியும், இருபத்திரண்டு கன்னியருக்கும் நாற்பது பசுக்களுக்கும் அன்னையுமான அர்வில் வம்சத்து ஹெர்சாந்த் அம்மையாரின் சமூகத்துக்கு, அதே வம்சத்தில் தங்களுக்கு இரண்டு வருடம் பின்னால் பிறந்தவனும், இந்தக் கோட்டைக்கும் பாலத்துக்கும் ஓடாத நீராலைக்கும் அதிபதியுமான கோத்தியே தலைவணங்கி எழுதுவது. இங்கே யாவரும் நலம். தங்கள் இடுப்பு வலி தணிந்து, பசுக்கள் பெருகி, கன்னியரின் வாய் கொஞ்சம் அடங்கியிருக்க எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

நலம் என்று எழுதியது கைப்பழக்கம் அக்கா. இங்கே ஒன்றும் நலமில்லை. இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், நானே எழுதுகிறேன். வழக்கமாக என் கடிதங்களை எழுதித் தருகிற ஓதோன் சாமியாரிடம் இதைச் சொல்லி எழுத வைக்க முடியாது, ஏனென்றால் என் தலையில் இடியைத் தூக்கிப் போட்டவரே அவர்தான். விஷயம் இதுதான். வருகிற மார்ட்டின் திருநாளன்று ஆயருடைய விசாரணைக்காரர் இங்கே வருகிறார். என் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, என் ஆட்டிறைச்சியைச் சாப்பிட்டு, என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பெரோனெல் எனக்கு மனைவியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப்போகிறார். ஆம் என்றால் பிழைத்தேன். இல்லை என்றால், இருபத்தாறு வருடமாக ஒரு சொந்தக்காரப் பெண்ணோடு முறைதவறி வாழ்ந்த பாவி நான், என் மூன்று பிள்ளைகளும் முறைதவறிப் பிறந்தவர்கள், கோட்டை நம் சித்தப்பா மகன் ஜெரார் கைக்குப் போகும். கோட்டையை விட்டுத் தள்ளு. மழை பெய்தால் உள்ளே பாதி, வெளியே பாதி என்று பெய்கிற கோட்டை. பெரோனெலை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் அக்கா. அந்த மனிதன் சாப்பாட்டு மேசையில் நாயை உட்கார வைத்துச் சாப்பிடுகிறவன். அவள் அங்கே போய் எப்படி இருப்பாள்? நான் இங்கே எப்படி இருப்பேன்?

எப்படி வந்தது இந்த வினை என்று கேட்பாய். ஏலிஸ் கல்யாணத்தால் வந்தது. உன் மருமகள் ஏலிஸுக்கும் மால்போன் வீட்டு இரண்டாவது மகன் ஓப்ரிக்கும் வேனிற்காலத்தில் பேசி முடித்தோம். நல்ல பிள்ளை. கொஞ்சம் காது பெரியது, அவ்வளவுதான். நம் வம்சத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்ப்பது என்றால் என்னவென்று உனக்கே தெரியும். எல்லாம் அந்தச் சிவப்புத்தாடி ரெனியே பாட்டன் செய்த காரியம். இந்தக் கோட்டையைக் கட்டினார், சரி. மூன்று கல்யாணம் செய்தார், அதுவும் சரி. பதினொரு பெண்களைப் பெற்று, குதிரையில் இரண்டு நாள் தூரத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனாரே, அதை யார் பொறுப்பது? இன்றைக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சிவப்புத் தலையோடு ஒருவன் வந்து திறக்கிறான்.

எண்ணுகிற முறை உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் ஆத்திரம் அடங்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பாட்டனைத் தலையில் உட்கார வைக்க வேண்டும். அவர் பிள்ளைகள் தோள், பேரப்பிள்ளைகள் முழங்கை, அடுத்தவர்கள் மணிக்கட்டு, பிறகு நடுவிரலின் மூன்று கணுக்கள், ஏழாவது தலைமுறை நகம். நகம் வரைக்கும் சொந்தம், கல்யாணம் பாவம். நகத்தைத் தாண்டி, எண்ணுகிறவரின் விரல் வெறும் காற்றைத் தொட்டால் சொந்தம் விட்டது, மோதிரம் மாற்றலாம். நம் வீட்டில் சித்தப்பா ஆங்கெரான்தான் நாற்பது வருடமாக எண்ணுகிறார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை நீட்டிக்கொண்டு, மறு கையால் தோளிலிருந்து ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே வந்து, கடைசியில் விரல் வெளியே போனதும் "காத்து!" என்று கத்துவார். கூடத்தில் எல்லோரும் "காத்து! காத்து!" என்று கத்துவோம். ஆப்பிள் மதுப் பீப்பாயைத் திறப்போம். ஏலிஸுக்கும் அப்படித்தான் திறந்தோம். இரண்டு பீப்பாய்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் ஓதோன் சாமியார் மூன்றாவது முறையாகக் கல்யாண ஓலை வாசித்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, தூண் ஓரத்திலிருந்து ஜெரார் தொண்டையைக் கனைத்தான். நம் கடைசிச் சித்தப்பா மகன் ஜெரார்தான். வேறு எந்த ஜெராருக்கு இந்தத் துணிச்சல் வரும்?

"சாமி, எனக்கொரு சந்தேகம். எங்க பெரியப்பா வலது கையக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்க" என்றான்.

சித்தப்பா ஆங்கெரான் யாரோ ஆசி கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்தினார். அவருக்கு எழுபத்து நான்கு வயது, காது பாதிதான் கேட்கும். அக்கா, அந்தக் கையை நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து பார்க்கிறேன். நடுவிரல் பாதியில் நிற்கும். சிலுவைப் போரில் துருக்கியனுடைய வாள் வெட்டியது என்று அவர் சொல்வார். கப்பல் சமையலறைக் கதவில் நசுங்கியது என்று அவரோடு போனவர்கள் சொல்வார்கள். எதுவானால் என்ன, புனித பூமிக்குப் போய்வந்த மனிதனின் விரலை எவன் உற்றுப் பார்ப்பான்? அந்தப் படுபாவி பார்த்திருக்கிறான்.

"பாருங்க, ரெண்டாவது கணுவோட வெரல் முடிஞ்சிடுச்சி. மூணாவது கணுவும் இல்ல, நகமும் இல்ல. இந்தக் கையில எண்ணுனா ஆறாம் தலைமுறையும் காத்துதான், ஏழாம் தலைமுறையும் காத்துதான். இந்தக் காத்த நம்பியா கல்யாணம் பண்றீங்க?"

கோயிலே சிரித்தது. மெழுகு விற்கிற பியேர் விழுந்து விழுந்து சிரித்தான். ஓதோன் சாமியார் சிரிக்கவில்லை. தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தன் கையிலேயே எண்ண ஆரம்பித்தார். அவருக்கு முழங்கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரமானது, அவ்வளவு சதை. ஓப்ரி வீட்டுப் பாட்டன்களை நானே வரிசையாகச் சொன்னேன், என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஏழாவது பெயர் நகத்தில் வந்து நின்றது. ஏலிஸ் அழவில்லை, ஓப்ரிதான் அழுதான்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆயரிடம் விசேஷ அனுமதி கேட்டு, இரண்டு குதிரையை அனுப்பி, எப்படியாவது சரிக்கட்டியிருப்பேன். ஜெரார் என் பக்கம் திரும்பினான். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"அண்ணே, கேக்கறனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களுக்கும் அண்ணிக்கும் எண்ணுனது எந்தக் கையி?"

யாரும் இப்போது சிரிக்கவில்லை. நான் பெரோனெலைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நானும் அவளும் சிவப்புத்தாடிப் பாட்டனுக்கு ஆறாம் தலைமுறை. அவருடைய மூன்றாவது தாரத்தின் மகள் எம்மாவின் வழியில் வந்தவள் அவள். ஆறு என்றால் மூன்றாவது கணு. சித்தப்பாவுக்கு எந்தக் கணு இல்லையோ, அதே கணு.

அன்றைக்கே ஓதோன் சாமியார் சட்டம் போட்டுவிட்டார். விசாரணை முடியும் வரைக்கும் நானும் பெரோனெலும் ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, தனியே நின்று பேசக் கூடாது. நான் மேற்குக் கோபுரத்துக்குக் குடிபோனேன். அங்கே புறாக்கள் எனக்கு முன்னாலேயே குடியிருக்கின்றன, என்னை அவற்றுக்குப் பிடிக்கவில்லை. பெரிய படுக்கையும் இறகு மெத்தையும் அவளுக்கு. நான் வைக்கோலில். என் கம்பளிக் காலுறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும், ஆனால் கேட்கக் கூடாது. சமையல்காரி மாபிலைக் கூப்பிட்டு, போய்க் கேட்டு வா என்று அனுப்பினேன். மாபில் போய்விட்டு வந்து, "இருக்கற எடத்துலதான் இருக்காம்" என்றாள். இது ஒரு பதிலா? என் முட்டி வலிக்குப் பெரோனெல்தான் வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்ப்பாள், பதினைந்து வருடமாக. இப்போது லாயக்காரன் தேய்க்கிறான். முதலில் வலது காலைத் தூக்கிக் குளம்பு பார்த்துவிட்டுத்தான் அடுத்த காலுக்கு வருகிறான். முடிந்ததும் முதுகில் தட்டிக்கொடுக்கிறான்.

சாப்பாட்டு விஷயம் அதைவிட மோசம். அவள் மேசை நடுக்கூடத்தின் இந்தக் கோடி, என் மேசை அந்தக் கோடி. நடுவில் மாபில் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஓடுகிற வழியில் பாதிக் குழம்பு தரைக்கு, மீதியில் நல்ல துண்டுகள் அந்தப் பக்கத்துக்கு. வெள்ளிக்கிழமை எனக்கு வந்த மீனில் தலையும் வாலும்தான் இருந்தன. நடுவில் இருந்தது எங்கே என்று கேட்டேன். "அம்மா கேட்டாங்கய்யா. நீங்க தல சாப்புடுவீங்களேன்னு சொன்னாங்க" என்றாள். இருபத்தாறு வருடமாக அவளுக்கு நடுத்துண்டை விட்டுக்கொடுப்பதற்காக, எனக்குத் தலைதான் பிடிக்கும் என்று சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அது என்னையே வந்து கடிக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா. என் நெஞ்சில் குத்துவது வேறு. முந்தாநாள் கிணற்றடியில் எதிரே வந்தாள். சாமியார் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் நான் தள்ளி நின்று தலையை மட்டும் அசைத்தேன். இவள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "சௌக்கியமாண்ணா?" என்றாள்.

அண்ணாவாம்! மூன்று பிள்ளை பெற்றவள்! வண்ணாத்தி துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சாமியார்கூட மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார். நான் என்ன பதில் சொல்வது, சௌக்கியம் தங்கச்சி என்றா?

வேடிக்கைக்குத்தான் சொன்னாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இந்தப் பதினெட்டு நாளில் அவள் ஒருமுறைகூட அழுததாகத் தெரியவில்லை. மெத்தையைப் பிரித்துப் புது இறகு அடைக்கச் சொன்னாளாம். நேற்றுப் பேரிக்காய் மரத்தடியில் நின்று பாட்டுப் பாடினாளாம். ஒவ்வொரு நாளும் மாலைப் பூசைக்கு முன்னால் சூடான திராட்சை மதுவை எடுத்துக்கொண்டு சித்தப்பா அறைக்குப் போகிறாள், இறங்கி வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு வருகிறாள். கிழவனைத் திட்டித் தீர்க்கிறாள் என்று நினைக்கிறேன். திட்டட்டும், நான் தடுக்க மாட்டேன். தன் விரல் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாத ஒரு மனிதனை நம்பி நாற்பது வருடமாக ஒரு வம்சமே கல்யாணம் செய்திருக்கிறதே! ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம். அவளுக்கு இந்த விடுதலை பிடித்திருக்கிறதோ? பதினாறு வயதில் வந்தவள். என்னைப் பிடித்திருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கல்யாணம் பேசிய நாளிலேயே குதிரையிலிருந்து வாத்துக்குளத்தில் விழுந்த மாப்பிள்ளை என்று ஊர்ப் பாட்டுக்காரர்கள்கூட என்னைப் பற்றிப் பாட்டுக் கட்டியிருந்தார்கள். அப்படிப்பட்டவனை எந்தப் பெண் விரும்பி வந்திருப்பாள்? இப்போது கதவு திறந்துகிடக்கிறது, போனால் போகலாம் என்று நினைக்கிறாளோ என்னவோ. இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அதனால்தான் உன் காலைப் பிடிக்கிறேன். உன் மடத்தில் நம் வம்சத்தில் செத்தவர்களின் பெயரெல்லாம் எழுதிய பழைய ஏடு இருக்கிறதல்லவா, ஆன்மாக்களுக்காக வருடா வருடம் வாசிப்பீர்களே, அது. அதில் அந்த எம்மாவைத் தேடு. சிவப்புத்தாடிப் பாட்டனின் மூன்றாவது தாரம் கைம்பெண்ணாக வந்தவள் என்று அப்பா சொல்வார். அப்படியானால் எம்மா அவளுடைய முதல் புருஷனுக்குப் பிறந்து, கையில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தையாக இருக்கலாம். இருக்கலாம் என்ன, இருக்க வேண்டும். தாடிக்காரரின் ரத்தம் அவளுக்கு இல்லையென்றால் பெரோனெலுக்கும் இல்லை. ஒரு வரி போதும் அக்கா. உன் முத்திரையோடு ஒரே ஒரு வரி வந்தால் விசாரணைக்காரர் வாயடைத்துப் போவார். பொய் எழுதச் சொல்லவில்லை. கொஞ்சம் ஆசையோடு தேடு என்றுதான் சொல்கிறேன்.

இதை உன்னிடம் கேட்க எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. எண்ணிக்கையால் வாழ்க்கை போனவள் நீ. வொமார்த்தெல் வீட்டுத் திபோ உன்னைக் கேட்டு வந்தபோது இதே சித்தப்பா எண்ணினார், மூன்றாவது கணுவில் நின்றுவிட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். அழுகையை அடக்குகிறாள் என்று அப்பா சொன்னார். உனக்குப் பதினெட்டு, எனக்குப் பதினாறு. நீ மடத்துக்குப் புறப்பட்ட அன்று உன் துக்கத்தைப் பார்க்க மாட்டாமல், நான் கையால் ஊட்டி வளர்த்த வல்லூற்றை உன்னிடம் கொடுத்தேன். அதுபோல ஒரு பறவை பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை, ஆனால் அதற்காக ஒருநாளும் வருந்தவில்லை. முப்பத்து நான்கு வருடமாக ஒவ்வொரு பூசையிலும், காதலைப் பறிகொடுத்த என் அக்காவுக்கு ஆறுதல் தாரும் என்று வேண்டுகிறேன். உன் வலி எப்படிப்பட்டது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் என் வணக்கம். பால்கட்டி செய்கிற சகோதரிக்குத் தனி வணக்கம், போன முறை அனுப்பியதை எலி தின்றுவிட்டது என்று மட்டும் சொல்லாதே. உன் இடுப்புக்கு வாத்துக் கொழுப்பு ஒரு சட்டி அனுப்புகிறேன், எனக்குத் தேய்க்க ஆளில்லை. வானத்துத் தூதர்களும் பூமியில் புதைந்த நம் பாட்டன்களும், பதினொரு பெண்களைப் பெற்ற அந்தப் பாட்டனைத் தவிர, உன்னைக் காத்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
இந்த நிமிடம் வரைக்கும் கணவனாயிருக்கும் உன் தம்பி
கோத்தியே

பின்குறிப்பு: எம்மாவைத் தேடாதே. ஏட்டைத் திறக்கவே திறக்காதே. திறந்திருந்தால் மூடிவிடு.

இன்று காலை உண்ட பிறகு முத்திரைக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். மெழுகுக்காரன் பியேர் கடிதத்தை வாங்க வாசலில் நின்றுகொண்டிருந்தான். பெரோனெல் உள்ளே வந்தாள். மாபிலை அனுப்பவில்லை, தானே வந்தாள். சட்டம் மறந்துவிட்டதா என்று கேட்பதற்குள் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். அவள் என்னைவிட வேகமாகப் படிப்பாள். மீன் தலை இடத்தில் சிரித்தாள். பேரிக்காய் மரம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குளத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மாவத் தேட வேண்டாம். அவ தாடிக்காரர் பொண்ணுதான்" என்றாள்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். வாங்க மேல."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சித்தப்பா அறைக்குப் போனாள். கிழவர் கட்டிலில் உட்கார்ந்து தேன் பணியாரம் தின்றுகொண்டிருந்தார். "மாமா, நீங்களே சொல்லுங்க. என்னால முடியல" என்றாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்டா, ஏ வெரல் எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியாதாடா? நாப்பது வருஷமா இந்தக் கையாலதானே சாப்புடறேன்" என்றார். பிறகு இடது கையை நீட்டினார். ஐந்து விரலும் முழுதாக, நடுவிரலில் நகத்தோடு. "வேண்டாம்னு சொல்றவங்களுக்கு இது. வேணும்னு சொல்றவங்களுக்கு அது." வலது கையை நீட்டினார். "எந்தக் கைய நீட்டுறேன்னு ஒருத்தனாவது பாத்தானா? எல்லாரும் பீப்பாயத்தான் பாத்தீங்க."

"யாரு சித்தப்பா சொல்றது, வேணும் வேண்டாம்னு?"

"பொண்ணுங்கதான். முந்தின நாளு வருவாளுங்க, பணியாரத்தோட. நாப்பது வருஷத்துல ஒரு ஆம்பளையாவது வந்து கேட்டிருப்பானா? ஒங்களுக்கெல்லாம் எவ கெடச்சாலும் சரி. அவளுங்கதானே வாழணும்."

நான் பெரோனெலைப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் சிவந்து போயிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க கொளத்துல விழுந்தப்ப நானும் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "தலையில பாசியோட எழுந்திரிச்சீங்க. குதிரைய அடிக்கல, திட்டல. நீங்களே சிரிச்சீங்க. எனக்குப் பாத்திருந்த மத்த ரெண்டு பேரும் குதிரைய அடிக்கறவங்க. அப்பவே வந்து மாமாகிட்ட, குட்டக் கையால எண்ணுங்கன்னு கால்ல விழுந்தேன். இப்ப விசாரணையில இது வெளிய வந்தா, தெரிஞ்சே பாவத்துல தள்ளிட்டாளேன்னு என்னை வெறுத்துடுவீங்கன்னு பயந்து, உங்க பக்கமே வராம இருந்தேன். பாட்டு பாடினது, அழுதா மாபில் வந்து உங்ககிட்ட சொல்லிடுவாளேன்னு."

அக்கா, நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். மறைப்பானேன். வைக்கோலில் பதினெட்டு நாள் படுத்தவன் அழுதால் யார் கேட்கப்போகிறார்கள். நீ மடத்துத் தலைவி, பாவக் கணக்கு உனக்குத்தான் தெரியும். இது பாவமென்றால் பரிகாரம் சொல். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து செய்யக்கூடிய பரிகாரமாகப் பார்த்துச் சொல்.

விசாரணையைப் பற்றிக் கவலைப்படாதே. நாங்கள் கீழே இறங்கி வரும்போது ஜெரார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான், பின்னால் அவன் மனைவி பியாத்ரிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அவர்களுக்கு எண்ணியதும் அதே குட்டைக் கைதானாம். பணியாரம் கொண்டுபோனவள் அவள்தானாம், இவனைப் போய் விரும்பிக் கேட்டிருக்கிறாள், பெண் மனசை யார் கண்டது. எங்கள் கல்யாணம் செல்லாது என்றால் தங்களுடையதும் செல்லாது, அவள் கொண்டுவந்த காடும் ஆலையும் அவளோடேயே திரும்பிப் போகும் என்று நேற்றுத்தான் புருஷனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, அன்னைக்குக் கோயில்ல வெளிச்சம் பத்தல" என்றான் ஜெரார். "பெரியப்பா வெரல மடக்கி வச்சிருந்திருக்காரு. நான்தான் சரியாப் பாக்கல. வெரல் முழுசாத்தாங்க இருக்கு."

ஓதோன் சாமியாரிடமும் போய் அதையே சொல்லிவிட்டான். அவர் ஊரை விசாரித்திருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தானே பியேர், அவனும் விரல் முழுசு என்கிறான். வண்ணாத்தி முழுசு என்கிறாள். சாமியாருடைய தங்கையே, ஆலைக்காரனைக் கட்டியவள், நகத்தைக்கூடத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள். ஊரில் பாதிக் குடும்பம் அந்தப் பாதி விரலில் தொங்குகிறது. புகார் சொன்னவனே இல்லை என்கிறபோது விசாரணை எதற்கு என்று சாமியார் ஆயருக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். ஏலிஸுக்கும் ஓப்ரிக்கும் அடுத்த மாதம் கல்யாணம். வேனிற்காலத்தில் அவள் ஏன் திடீரென்று பணியாரம் சுடக் கற்றுக்கொண்டாள் என்று இப்போதுதான் புரிகிறது.

இனி உன் விஷயம். படியிறங்குவதற்கு முன்னால் சித்தப்பாவைக் கேட்டேன், பாவம் எங்கள் ஹெர்சாந்துக்கு மட்டும் ஏன் முழுக் கையால் எண்ணினீர்கள், அவளும் வந்து கேட்டிருந்தால் திபோவோடு வாழ்ந்திருப்பாளே என்று. அவர் பணியாரத்தை மென்று முடித்தார்.

"வந்தாளே" என்றார். "அத்திப்பழம் கொண்டாந்தா. 'சித்தப்பா, அந்தத் திபோ பேசினா எனக்குத் தூக்கம் வருது, மடத்துல பொஸ்தகம் இருக்கு, நீட்டுக் கையால எண்ணிடுங்க'ன்னா. எண்ணினேன். தலையக் குனிஞ்சிக்கிட்டுச் சிரிச்சா."

முப்பத்து நான்கு வருடம் அக்கா! எத்தனை பூசை! என் வல்லூறு! அது உன் மடத்தில் எத்தனை காடை பிடித்தது என்றாவது உண்மையைச் சொல். வருகிற வசந்தத்தில் ஒரு நல்ல குஞ்சு எனக்கு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதையை உன் ஆயரிடம் நானே சொல்வேன். சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றேன். பெரோனெல் விடவில்லை. தான் இல்லாமல் நான் எப்படிப் புலம்பினேன் என்று நீயும் படிக்க வேண்டுமாம். என் கம்பளிக் காலுறை பெரிய படுக்கையின் காலடிப் பெட்டியில் இருந்தது, இருந்த இடத்திலேயே. இன்று மதியம் மீன். கீழேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள், நான் போக வேண்டும். அண்ணா என்று கூப்பிடவில்லை.